நடத்துவோரும் நோக்குவோரும்

கம்பெனி என்னும் சொல் இன்று சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. ஆயினும், கம்பெனி என்பது யார் என்று கேட்டால் விடை சொல்வது அத்தனை எளிதன்று. கட்டடமா? இயந்திரங்களா? அங்கே வேலை செய்வோரா? பணம் போட்ட பங்குதாரர்களா? சட்டம் இவற்றுள் எதனையும் கம்பெனி என்று கொள்வதில்லை. சட்டத்தின் பார்வையில் கம்பெனி என்பது தனியான ஓர் ஆள். அது சொத்து வாங்கலாம், கடன் படலாம், பிறர்மீது வழக்குத் தொடுக்கலாம், அதன்மீதும் பிறர் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் இந்த ஆளுக்குக் கண் இல்லை, காது இல்லை, கையெழுத்திடக் கையும் இல்லை. ஆகவே அதற்காகப் பார்க்கவும் கேட்கவும் முடிவு செய்யவும் சில மனிதர்கள் வேண்டியிருக்கிறது. அவர்களையே இயக்குநர்கள் என்கிறோம். டைரக்டர்கள் என்றால் பலருக்கு விரைவில் விளங்கும். சினிமா டைரக்டரோடு குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

இயக்குநர்கள் அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர்களிடையே வேற்றுமை ஒன்றும் தோன்றாது. ஆனால் கூட்டம் முடிந்து எழுந்ததும் வேற்றுமை தெரிந்துவிடும். சிலர் அதே கட்டடத்திலுள்ள தங்கள் அறைகளுக்குச் செல்வார்கள். மற்றையோர் தங்கள் வாகனங்களில் ஏறி வீட்டுக்கோ, தம்முடைய வேறு தொழிலுக்கோ போய்விடுவார்கள். முதல் வகையினர் கம்பெனியை அன்றாடம் நடத்துகின்றவர்கள். நிர்வாகப் பொறுப்புள்ள இயக்குநர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். மானேஜிங் டைரக்டரும் முழுநேர இயக்குநர்களும் இவ்வகையினர். இரண்டாம் வகையினர் நிர்வாகம் சாராத இயக்குநர்கள். இவர்களிலும் கம்பெனியோடு பணத் தொடர்போ உறவுத் தொடர்போ இல்லாதவர்களைச் சுயேச்சை இயக்குநர்கள் என்று நமது சட்டம் தனியே பிரித்துக் கூறுகிறது.

நடத்துகின்றவரின் வேலையை விளக்க அதிக நேரம் வேண்டியதில்லை. சரக்கு எவ்வளவு செய்வது, எங்கே விற்பது, யாரை வேலைக்கு அமர்த்துவது, கடனை எப்போது திருப்புவது என்பனவெல்லாம் அவர் பொறுப்பு. அவர் சம்பளம் பெறும் அலுவலர். தம் செயல்களுக்கெல்லாம் இயக்குநர் குழுவுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் அந்தக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர்! அதாவது, தாம் எழுதிய விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர்களுள் தாமும் ஒருவராக அமர்ந்திருக்கிறார். இது ஒரு விந்தையான நிலை. இந்த நிலையிலிருந்தே மற்றவகை இயக்குநரின் தேவை பிறக்கிறது.

நிர்வாகம் சாராதவர் அங்கே என்ன செய்கிறார்? வெளியுலக அனுபவத்தைக் கொண்டுவந்து யோசனை சொல்கிறார். நடத்துகின்றவரின் திட்டத்தை அலசிப் பார்க்கிறார். அவருக்கு எவ்வளவு சம்பளம் தருவது என்பதை, அவர் எழுந்து வெளியே சென்றபின் முடிவு செய்கிறார். கணக்குகளைத் தணிக்கையாளரோடு இருந்து ஆராய்கிறார். நடத்துகின்றவருடைய சொந்த நன்மையும் கம்பெனியின் நன்மையும் மோதுமிடத்தில் கம்பெனியின் பக்கம் நிற்கிறார். நடத்துகின்றவர் தகுதியற்றவர் என்று தெரிந்தால் அவரை மாற்றவும் வழி செய்கிறார். இவ்வளவும் அவர் செய்ய வேண்டியவை. செய்கிறாரா என்பது வேறு கேள்வி.

அவர் செய்யத்தகாதது ஒன்றும் உண்டு. நேரே தொழிற்சாலைக்குள் நுழைந்து மேஸ்திரிக்கு உத்தரவிடக் கூடாது. மாப்பிள்ளைக்கு வேலை கொடு, மைத்துனனிடம் சரக்கு வாங்கு என்று அலுவலருக்குச் சீட்டு அனுப்பக் கூடாது. பலர் கேள்வி கேட்கும் உரிமையை ஆணையிடும் உரிமையாக எண்ணிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் வேலையாளுக்கு இரண்டு எசமானர்கள் ஆகிவிடுவார்கள். நடத்துகின்றவரும், நேர்ந்த தவற்றுக்குத் தாம் பொறுப்பல்ல என்று எளிதில் சொல்லிவிடுவார்.

நம் நாட்டில் நெடுங்காலம் இந்தப் பாகுபாடு தெளிவாக வளரவில்லை. மானேஜிங் ஏஜென்சி என்ற முறை நடைமுறையில் இருந்தது. ஓர் ஏஜென்சி நிறுவனம் ஒப்பந்தத்தின்பேரில் பல கம்பெனிகளை ஒருங்கே நடத்தும்; கம்பெனிகளின் இயக்குநர்கள் பெரும்பாலும் ஒப்பமிடுவதோடு நின்றுவிடுவார்கள். 1970-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பிறகே இயக்குநர் குழு என்பது உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி இங்கே கூர்மை பெற்றது.

இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியை முன்னரே சந்தித்தன. வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் ஒரு சேமிப்பு வங்கி இருந்தது. கண்டிப்பாகச் சொன்னால் அது கம்பெனியன்று. டிரஸ்டிகளைக் கொண்டு நடந்த வங்கி. ஆயினும் அதன் வழக்கு இயக்குநர்களைப் பற்றிய பாடங்களில் நிலைத்துவிட்டது. அவ்வங்கியின் தலைவர் பதவியில் இருந்த பியூட் பிரபு 1848-இல் காலமானார். பட்டமும் செல்வமும் போலவே வங்கித் தலைமையும் அவருடைய மகனை வந்தடைந்தது. மகனுக்கு அப்போது வயது ஆறு மாதம்! தொட்டிலில் கிடந்த தலைவர் வளர்ந்து பெரியவரானார். 38 ஆண்டுகளில் அவர் வங்கியின் கூட்டத்திற்கு வந்தது ஒரே ஒரு முறை, அது 1869-இல். 1886-இல் வங்கி வீழ்ந்தது. அதன் அலுவலர் ஒருவர் செய்துவந்த மோசடி அப்போதுதான் வெளிப்பட்டது. ஏழைகள் சேமித்த பணம் போயிற்று. தலைவர் பொறுப்பாவாரா என்று வழக்கு வந்தது. 1892-இல் தீர்ப்பளித்த நீதிபதி, பிரபு பொறுப்பாளி அல்லர் என்றார். அவர் ஒன்றும் அறியார். வேலை ஒழுங்காக நடக்கிறது என்று நம்பியிருக்க அவருக்கு உரிமையுண்டு என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இதைக் கேட்டு மாணவர்கள் நகைக்கலாம். ஆனால் அக்காலத்தில் பிரபுக்களின் பெயர்கள் அழைப்பிதழில் அச்சிடும் அலங்காரமாகவே கம்பெனிகளுக்குப் பயன்பட்டன. பெரியவர் பெயரைப் பார்த்துச் சிறியவர் பணத்தைக் கொடுத்தார். பெயர் கொடுத்தவருக்கு அதற்கு மேல் வேலையில்லை என்று சட்டமும் அன்று எண்ணிற்று.

ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1977-இல், லண்டன் நீதிமன்றத்தில் வேறொரு வழக்கு முடிவாயிற்று. பணம் கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்று. அதற்கு இயக்குநர்கள் மூவர். ஒருவர் நடத்தினார், மற்ற இருவரும் நிர்வாகம் சாராதவர்கள். அவர்கள் அலுவலகத்துக்கு வருவது அரிது. இயக்குநர் குழுக் கூட்டமே நடப்பதில்லை. ஆனால் காசோலைகளில் இரண்டு கையெழுத்து வேண்டுமே! அதற்காக நடத்துகின்றவர் கேட்டபோதெல்லாம் அவ்விருவரும் வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார்கள். கடன்கள் தகாதவர்களுக்குப் போயின, திரும்பவில்லை. நிர்வாகம் சாராதவர்களுக்கு வேலை ஒன்றுமில்லை, தணிக்கையாளரை நம்பியிருந்தோம் என்று அவர்கள் வாதாடினார்கள். மூவருள் இருவர் பட்டயம் பெற்ற கணக்காளர்கள், மற்றவரும் கணக்கியலில் அனுபவமுள்ளவர் என்பதை நீதிபதி கருத்தில் கொண்டார். கடமையைப் பொறுத்தவரையில் நடத்துகின்றவர், நடத்தாதவர் என்ற பிரிவு இல்லை என்று கூறி, மூவரையும் பொறுப்பாளிகளாக்கினார். தொட்டில் குழந்தையின் காலம் அத்தோடு முடிந்தது எனலாம்.

இனி நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்கு வருவோம். உங்களுள் சிலர் பிறந்தும் இராத காலம். உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். ஹைதராபாத்தில் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்ற கம்பெனி இருந்தது. சுமார் 50,000 பேருக்கு வேலை தந்தது. அதன் இயக்குநர் குழுவில் நிர்வாகம் சாராதவர்களாக இருந்தவர்களைப் பாருங்கள்: ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், புகழ்பெற்ற வணிகவியல் கல்விக்கூடம் ஒன்றின் தலைவர், மத்திய அரசின் அமைச்சரவைச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர். அறிவுக்கும் பெருமைக்கும் குறைவில்லாத குழு. 2008-இல் நன்னிர்வாகத்துக்கான பரிசொன்றும் அந்தக் கம்பெனிக்குக் கிடைத்தது.

அதே ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் குழு கூடிற்று. நிறுவனரும் தலைவருமான ராமலிங்க ராஜு ஒரு திட்டத்தை வைத்தார். அவருடைய புதல்வர்கள் நடத்திய மேய்ட்டாஸ் என்ற பெயர் கொண்ட இரண்டு கம்பெனிகளைச் சத்யம் வாங்க வேண்டும். விலை ஏறத்தாழ 160 கோடி டாலர். (சத்யம் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் மேய்ட்டாஸ் வரும். வாய்மையைத் தலைகீழாக்கிப் பெயர் வைத்தவருக்கு அது உறுத்தவில்லை போலும்.) கணினித் தொழில் செய்யும் கம்பெனி, நிலமும் கட்டடமும் சார்ந்த கம்பெனிகளை ஏன் வாங்க வேண்டும்? விலையை யார் மதிப்பிட்டார்கள்? இத்தகைய கேள்விகள் கூட்டத்தில் எழுந்தன. எழுந்தும், இறுதியில் திட்டம் ஒருமனதாக ஏற்கப்பட்டது. செய்தி வெளிவந்ததும் பங்குதாரர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒருநாள் முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டது. மாத இறுதிக்குள் நிர்வாகம் சாராதவர்களுள் நால்வர் பதவி விலகினார்கள்.

2009-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் ராஜு தம் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டியிருந்தது 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லாத பணம் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆண்டுதோறும் கூட்டிக் காட்டிய இலாபம் பெருகி, புலியின்மேல் ஏறியவன் இறங்க வழியறியாத நிலையாயிற்று என்றும், மேய்ட்டாஸ் திட்டம் பொய்யான சொத்தின் இடத்தில் மெய்யான சொத்தை வைக்கச் செய்த கடைசி முயற்சி என்றும் எழுதினார். அன்று ஒரே நாளில் பங்கின் விலையில் முக்கால் பகுதிக்கு மேல் போயிற்று.

அந்தக் கடிதத்தில் நான் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்பும் செய்தி இன்னொன்று. குழுவின் இந்நாள், முந்நாள் உறுப்பினர் எவருக்கும் இந்த நிலைமை தெரியாது என்று ராஜு அதில் எழுதியிருந்தார். அவர்களைக் காப்பாற்றும் சொற்கள் அவை. ஆனால் சற்று நின்று எண்ணிப் பார்த்தால் அவற்றைவிடக் கடுமையான குற்றச்சாட்டு வேறில்லை. பார்ப்பதற்கென்றே அமர்த்தப்பட்டவர்கள் பார்க்கவில்லை. அறிவு குறைந்ததால் அன்று. அவர்கள் பார்த்ததெல்லாம் நடத்துகின்றவர் காட்டிய தாள்கள். வங்கி இருப்புக்குச் சான்றாகக் கொடுக்கப்பட்ட கடிதங்களே போலி. தணிக்கையாளர்களும் அந்தக் கடிதங்களை வங்கியிடம் நேரே கேட்டுப் பெறாமல் கம்பெனியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். நோக்குவோரின் துன்பம் இதுதான்: யாரை நோக்க வேண்டுமோ, அவரிடமிருந்தே கண்ணாடியையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தத் துன்பத்தை மேசையின் மறுபக்கத்திலிருந்து நான் சிறிய அளவில் அறிவேன். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் பள்ளிக் குழுவுக்குக் கணக்குத் தாள்களை முன்வைப்பது என் வேலை. நான் வாசிப்பேன்; உறுப்பினர்கள் காபி அருந்துவார்கள்; ஒப்பமிடுவார்கள். ஒருமுறை புதிதாக வந்த உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், “வங்கி இருப்பு என்று தொகை எழுதியிருக்கிறீர்களே, பாஸ்புக் எங்கே?” என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. என் நாணயத்தை ஐயுறுகிறாரே என்று உள்ளுக்குள் வருந்தினேன். பாஸ்புக் வந்தது. தாளில் இருந்த தொகை அதில் இல்லை. இரண்டு வகுப்புகளிலிருந்து திரட்டிய கட்டணம் மூன்று வாரமாக அலுவலக அலமாரியிலேயே கிடந்தது. எண்ணிப் பார்த்தபோது அதிலும் சிறிது குறைந்தது. எழுத்தர் அதைக் கட்டிவிட்டார். ஆனால் பாஸ்புக்கைப் பாராமல் அந்தத் தாளில் கையெழுத்திட்டிருந்தவன் நான். அடுத்த கூட்டத்திலிருந்து அந்தப் பெரியவர் கேட்கும் முன்பே பாஸ்புக்கை எடுத்துவைத்தேன். அவர் அதை ஒருமுறையும் வாங்கிப் பார்க்காமல் விட்டதில்லை.

சத்யத்தில் நேர்ந்ததற்குப் பின் நமது சட்டம் இறுக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனியின் இயக்குநர் குழுவில் மூன்றில் ஒரு பங்கினராவது சுயேச்சை இயக்குநராக இருத்தல் வேண்டும். ஒருவர் தொடர்ந்து இருமுறைக்கு மேல், அதாவது பத்தாண்டுக்கு மேல், அப்பதவியில் இருக்கலாகாது. கம்பெனியின் பங்குகளைச் சலுகை விலையில் பெறும் உரிமை அவருக்கு இல்லை. கணக்குகளை ஆராயும் தணிக்கைக் குழுவில் சுயேச்சை இயக்குநர்களே பெரும்பான்மையினர். ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர்கள் தனியே, நடத்துகின்றவர்கள் இல்லாமல், கூடிப் பேச வேண்டும். இந்தக் கடைசி விதி சிறியதாகத் தோன்றும். எனக்கோ அது மிகச் சிறந்த விதியாகப் படுகிறது. எசமானர் எதிரில் அமர்ந்திருக்கும்போது நாவில் நிற்கும் ஐயம், அவர் இல்லாதபோது வெளிவந்துவிடும். மற்றவருக்கும் அதே ஐயம் இருப்பது அப்போதுதான் தெரியும்.

விவரம் போதாவிட்டால் கேட்டுப் பெற வேண்டும், தேவையானால் கம்பெனியின் செலவிலேயே வெளி வல்லுநரின் யோசனையைப் பெறலாம், கவலை தீராவிட்டால் அதனைக் கூட்டக் குறிப்பில் பதியுமாறு வற்புறுத்த வேண்டும் என்றும் அச்சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. பொறுப்பின் எல்லையும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. தம் அறிவுக்கு எட்டி, தம் இசைவோடோ உடந்தையோடோ நடந்தவற்றுக்குச் சுயேச்சை இயக்குநர் பொறுப்பாவார். விழிப்போடு நடந்துகொள்ளாத இடத்திலும் பொறுப்பாவார். நடத்தாதவருக்கு நியாயமான பாதுகாப்பு இதில் உண்டு. பியூட் பிரபுவுக்குக் கிடைத்த பாதுகாப்பு மட்டும் இல்லை.

ஆயினும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். இயக்குநர் குழு ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை கூட வேண்டும் என்பது விதி. நடத்துகின்றவர் முந்நூறு நாள் கம்பெனிக்குள் இருக்கிறார். நோக்குகின்றவர் சில நாட்களே வருகிறார். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு வரும். அதோடு தடித்த காகிதக் கட்டும் வரும். அதைப் படிக்காமல் வந்து, தலைவர் பேசுவதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் போவது எளிது. இன்னொரு குறை சட்டத்துக்கு எட்டாததாக இருக்கிறது. சுயேச்சை இயக்குநரைத் தேர்ந்தெடுப்பது பங்குதாரர் பேரவை. அங்கே பெரும்பங்கு வைத்திருப்பவரின் வாக்குக்கே வலிமை அதிகம். பல கம்பெனிகளில் பெரும்பங்கு வைத்திருப்பவரே நடத்துகின்றவராகவும் இருக்கிறார். தேர்வெழுதுகின்ற மாணவன் தன் தேர்வாளரைத் தானே அமர்த்திக்கொண்டால் எப்படியிருக்கும்? நல்ல மாணவர்கள் கண்டிப்பான தேர்வாளரையே அமர்த்திக்கொள்ளக்கூடும். எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் சொல்லத் துணிய மாட்டான்.

வணிகவியல் படிக்கும் மாணவர்கள் கல்லூரி நூலகத்தில் ஏதேனும் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனியாக இருக்கட்டும். இலாபப் பக்கத்தைப் பிறகு பார்க்கலாம். நிர்வாக முறையைப் பற்றிய அறிக்கை என்ற பகுதியில் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வோர் இயக்குநரும் நடத்துகின்றவரா, நடத்தாதவரா, சுயேச்சையானவரா என்பதும், அந்த ஆண்டில் நடந்த கூட்டங்கள் எத்தனை, அவர் வந்தவை எத்தனை என்பதும் அதில் இருக்கும். வருகைப் பதிவேடு போன்ற பட்டியல்தான். வந்தவர் வாய் திறந்தாரா, பாஸ்புக் எங்கே என்று கேட்டாரா என்பது அதில் இராது. அது கூட்டக் குறிப்பேட்டில் இருக்கும். அந்தக் குறிப்பேட்டைப் பார்க்கும் உரிமை பங்குதாரருக்கும் இல்லை.